பேரியரா, பேரிகேட்டா? திருகோணமலையில் இருந்து ஒரு கேள்வி

மார்ச் 2, மாலை. கேள்வி

மகள் தரம் 10. பேரியர் (barrier), பேரிகேட் (barricade) என்ற இரண்டு சொற்களையும் வைத்து ஆங்கிலத்தில் வசனம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ‘மொழி எங்களுக்கிடையே ஒரு பேரிகேட்’ என்ற கருத்தில் எழுதிக் கொடுத்தாள். டீச்சர் சிவப்பால் வெட்டி, மேலே பேரியர் என்று எழுதியிருக்கிறார். காரணம் எழுதவில்லை. அகராதியைப் பார்த்தால் இரண்டுக்கும் தடை, தடுப்பு, அரண் என்றுதான் போட்டிருக்கிறது. என்ன வித்தியாசம்? பத்து அடிக்கு ஒரு தடுப்பைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரிக்கு இது தெரியவில்லையே என்று மனது கேட்கவில்லை.

மார்ச் 2, இரவு. என் பதில்

டீச்சர் திருத்தியது சரி என்றுதான் நினைக்கிறேன். குறுக்கே நிற்கிற எதுவும் பேரியர். மலை, ஆறு, சட்டம், விலை, பயம், மொழி எல்லாம் அதற்குள் அடங்கும். கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை, யாரும் செய்திருக்க வேண்டும் என்றும் இல்லை. பேரிகேட்டை யாரோ ஒருவர் கையால் போட வேண்டும். அதுவும் அவசரத்தில், கைக்கு அகப்பட்டதை இழுத்துப் போட்டு, வந்துகொண்டிருக்கிற ஒன்றை மறிப்பதற்காக: கட்டில், மேசை, கவிழ்த்த வண்டி, வெட்டி விழுத்திய மரம். மொழியை யாரும் றோட்டில் கொண்டுவந்து குவிக்கவில்லை, ஆகவே லாங்குவேஜ் பேரியர்.

இன்னொன்றும் உண்டு. பேரியரில் வழி இருக்கும், திறந்து மூடலாம். பேரிகேட் முழுதாக அடைத்துவிடும். இதை நினைவில் வைத்தால் போதும்.

மார்ச் 3, விடியற்காலை

படுத்த பிறகுதான் உறைத்தது, முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

பேரியர் என்ற சொல் ‘பார்’ என்பதில் இருந்து வருகிறது. பார் என்றால் குறுக்குச் சட்டம், மாட்டுக் கொட்டில் வாசலுக்குக் குறுக்கே நாங்கள் கொழுவுகிற கம்பு மாதிரி. நீதிமன்றத்தில் குறுக்கே இருந்த சட்டத்தில் இருந்துதான் பாரிஸ்டர் என்ற பெயரும் வந்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் போய்ப் பல நூற்றாண்டு ஆகிவிட்ட பழைய சொல் அது. பேரிகேட் அதற்கு வெகு பின்னால், 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தது, வந்த வழியும் வேறு. பிரெஞ்சில் ‘பாரிக்’ என்றால் பீப்பாய்.

1588 மே 12. மூன்றாம் ஹென்றி மன்னன் தன் பாதுகாப்புக்காக சுவிஸ் படையாட்களைப் பாரிஸ் நகருக்குள் கொண்டுவந்து நிறுத்தினான். நகர மக்கள் பீப்பாய்களை உருட்டிவந்து, மண்ணும் கல்லும் போட்டு நிரப்பி, தெருத்தெருவாக அடுக்கினார்கள். உள்ளே வந்த படை நகர முடியாமல் நின்றது. மறுநாள் மன்னன் ஊரை விட்டே ஓடினான். அந்த நாளைப் பிரெஞ்சுக்காரர் இன்றும் பேரிகேட்டுகளின் நாள் என்றுதான் சொல்கிறார்கள்.

மண் நிரப்பிய பீப்பாய்! இதைப் படித்துவிட்டு எத்தனை பேருக்கு சென்ரி, போர்க்காலத்து வீதிச் சோதனைச்சாவடி, நினைவு வந்தது?

எனக்கு உடனே வந்தது நிலாவெளி வீதி. தார்ப் பீப்பாய்கள், ஆளின் இடுப்பளவு உயரம், 200 லீட்டர் கொள்ளும், உள்ளே கடற்கரை மணல். சில இடங்களில் ஒன்றன் மேல் ஒன்று, மேலே மண்மூட்டை, பின்னால் பனங்குற்றி அடுக்கிய காவலரண். வெயிலில் மிச்சத் தார் உருகி அடியில் கறுப்பாக வழிந்திருக்கும். பஸ்ஸில் இருந்து இறங்கி அதைக் கடக்கிறபோது உடுப்பில் படாமல் ஒதுங்கச் சொல்லி அம்மா என் தோளைப் பிடித்து இழுப்பார். நான்கு நூற்றாண்டுக்கு முன்பு பாரிஸில் நின்ற அதே பொருள் எங்கள் வீதியில் நின்றிருக்கிறது. அந்தச் சொல்லின் உண்மையான அர்த்தத்தைக் கையால் தொட்டுப் பார்த்த ஆட்கள் நாங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அகராதி ‘தடுப்பு’ என்ற ஒற்றைச் சொல்லைக் கொடுத்துவிட்டுப் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

மார்ச் 3, மதியம்

பீப்பாய் தமிழ்ச் சொல்லா என்று ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். போர்த்துக்கீசரிடம் இருந்து வந்தது, அவர்கள் ‘பீப்பா’ என்பார்கள். சாவி, ஜன்னல் மாதிரித்தான் இதுவும். பரல் என்று சொல்கிறோமே, அது ஆங்கிலம்.

மார்ச் 5

கிண்ணியாவில் இருந்து ஒரு நானா எழுதியதை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் அவர் சொல்வது நியாயம். “பேரிகேட் முழுதாக அடைக்கும், பேரியரில் வழி இருக்கும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். சென்ரியில் பரல்களை வளைத்து வளைத்து வைத்திருந்தார்கள், பஸ் பாம்பு மாதிரி நெளிந்து போனது. வழி இருந்ததுதானே? அப்படியென்றால் அது பேரியரா?”

ஆம், வழி இருந்தது. ஒரு பீப்பாய் இடப்பக்கம், பத்து யார் தள்ளி அடுத்தது வலப்பக்கம். வாகனம் வேகமாக வந்து இடித்துக்கொண்டு போகக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. நாங்கள் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நடப்போம். வெறும் பஸ் நெளிந்து நெளிந்து அந்தப் பக்கம் போய் நிற்கும். ஓடிப்போய் ஏறி, விட்ட சீட்டைத் தேடுவோம். பாட்டி ஒருவர் ஒவ்வொரு முறையும் கூடையோடு இறங்கி ஏறுவார். நடத்துனர் கூடையையாவது உள்ளே வைத்துவிட்டுப் போகச் சொன்னாலும் கேட்கமாட்டார், கூடை இல்லாமல் அந்தப் பக்கம் போய் நிற்க அவருக்குப் பயம்.

ஆகவே முதல் நாள் நான் எழுதிய அந்த வழி விதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இமயமலை பேரியர்தான், அதில் யார் கேட் வைத்தார்கள்? கிண்ணியாத் துறையே நல்ல உதாரணம், நானா. 2009இல் பாலம் திறக்கும்வரைக்கும் அந்தத் தண்ணீர் உங்களுக்கும் எங்களுக்கும் நடுவே பேரியர். பாதை ஓடியது (ஆளையும் வாகனத்தையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையை இங்கே பாதை என்போம்), காத்திருந்து ஏறி வந்தீர்கள். பாதை ஓடாத நாளிலும் அது பேரியர்தான். யாரும் போட்டதில்லை, அதனால் பேரிகேட் ஆகாது.

வழி இருக்கிறதா இல்லையா என்பதை விட்டுவிடுங்கள். யார் போட்டது, எதற்கு முன்னால் போட்டது என்று கேட்டுப் பாருங்கள்.

மார்ச் 6

மகளுக்கு ஒரு சுலபமான சோதனை. பேரிகேட் வினைச்சொல்லாகவும் வரும். கதவை பேரிகேட் பண்ணினான், அறைக்குள் தன்னைத்தானே பேரிகேட் பண்ணிக்கொண்டான் என்று ஆங்கிலத்தில் தாராளமாக எழுதலாம். பேரியரை அப்படி வினையாக்கி யாரும் எழுதுவதில்லை. பேரிகேட் நடந்த ஒரு செயல், பேரியர் இருக்கிற ஒரு நிலை. இலக்கணமே காட்டிக்கொடுக்கிறது.

மார்ச் 8, இரவு

கதவு என்று எழுதியதில் அம்மம்மா நினைவுக்கு வந்துவிட்டார். இரண்டு நாளாக அதே ஞாபகம்.

1964 டிசம்பர் புயல். தனுஷ்கோடியை அழித்தது என்று உலகம் பேசுகிற அதே புயல், அதற்கு முன் எங்கள் கரையில்தான் ஏறியது. அம்மம்மா வீடு திருக்கடலூர்ப் பக்கம், கடல் சத்தம் எப்போதும் கேட்கும். அன்று இரவு காற்று கடல் பக்கம் இருந்து கதவை அடித்துத் தள்ளியது. தாழ்ப்பாள் நெளிந்துவிட்டது. அம்மம்மாவும் அவருடைய தங்கையும் முதலில் நெல்லுப் பெட்டியை இழுத்துப் போட்டார்கள், அது போதவில்லை, அம்மிக்கல்லைப் புரட்டிக்கொண்டு வந்தார்கள், அதன் மேல் சீமெந்து மூட்டை, அதன் மேல் உரல், கடைசியில் இரண்டு பேரும் அதில் முதுகைக் கொடுத்து விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகளை மேசைக்குக் கீழே படுக்கவைத்து மேலே பாயைப் போட்டிருந்தார்களாம். அம்மாவுக்கு அப்போது ஏழு வயது. மேசைக் காலைப் பிடித்தபடி கிடந்து, இருட்டில் அம்மி உருண்ட சத்தத்தைக் கேட்டதாகச் சொல்வார். கூரை போனது. கதவு நின்றது.

அம்மம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, பேரிகேட் என்ற சொல்லை வாழ்நாளில் கேட்டிருக்கமாட்டார். ஆனால் அதைவிடச் சரியான பேரிகேட்டை நான் கேள்விப்பட்டதில்லை. அவசரம் இருந்தது, கைக்கு அகப்பட்ட பொருள்கள் இருந்தன, எதிரே வருகிற ஒன்றும் இருந்தது. முதுகையும் சேர்த்து வைத்தார்களே, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பாரிஸ் தெருக்களிலும் பீப்பாய்க்குப் பின்னால் ஆட்கள் இருந்தார்கள். பேரிகேட்டுக்குப் பின்னால் எப்போதும் பயந்துபோன ஒருவர் இருக்கிறார். பேரியருக்குப் பின்னால் யாரும் இருக்கவேண்டிய அவசியமில்லை.

மார்ச் 9

டொக்யார்ட்டில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு ஐயா ‘பூம்’ என்ற சொல்லைச் சேர்க்கச் சொல்கிறார். கார் தரிப்பிடத்தில் ஏறி இறங்குகிற அந்தக் கம்பு இருக்கிறதே, அதுதான் பூம் கேட். ஒல்லாந்தர் மொழியில் பூம் என்றால் மரம். ஒல்லாந்தக் குடா என்றே ஒரு குடாவை வைத்துக்கொண்டிருக்கிற எங்களுக்கு இது உறவுக்காரச் சொல். துறைமுக வாயிலுக்குக் குறுக்கே மிதக்கவிடும் மரக்கட்டைத் தொடருக்கும் சங்கிலிக்கும் அந்தப் பெயர்தான். இரண்டாம் உலகப் போரில் எங்கள் துறைமுக வாயிலில் நீர்மூழ்கிக் கப்பல் நுழையாதபடி இரும்பு வலையைத் தொங்கவிட்டிருந்தார்கள், அதுவும் பூம். நம்முடைய கப்பல் வரும்போது வலையை இழுத்து வழிவிட்டு, பிறகு மூடிவிடுவார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியர் வானத்தால் வந்தார்கள், அவர்களுக்கு இந்த வலை என்ன செய்யும்?

அந்த வலைகளைப் போட்டு எடுக்கவென்று பிரித்தானியக் கடற்படை தனி ரகக் கப்பல்களைக் கட்டியது. எல்லாவற்றுக்கும் பார் என்று தொடங்கும் பெயர். அந்த வரிசையில் பேரியர் என்று ஒரு கப்பலும் பேரிகேட் என்று ஒரு கப்பலும் இருந்தன! ஒரே வேலைக்குக் கட்டிய ஒரே ரகக் கப்பல்கள். நாங்கள் இங்கே ஒரு வாரமாகப் பிரித்துப் பிரித்து வைப்பதை அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் மிதக்கவிட்டிருக்கிறார்கள். இதைச் சொன்ன பிறகு என் மனது கொஞ்சம் இளகிவிட்டது. சொற்களுக்கு நடுவே நாம் நினைக்கிற அளவுக்கு மதில் இல்லை.

மார்ச் 10

புறாத்தீவில் இருப்பது பேரியர் ரீஃப்தானே என்று கேட்டவருக்கு: இல்லை. அது கரையை ஒட்டி வளர்ந்த பவளப்பாறை. பேரியர் ரீஃப் என்றால் கரைக்கும் அதற்கும் நடுவே ஆழமான நீர்ப்பரப்பு கிடக்கும், அவுஸ்திரேலியாவில் 2,300 கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கிறதே, அது மாதிரி. பவளம் கல்லாகக் குவிந்து அலையை மறித்தாலும் அதை பேரிகேட் என்று யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பவளப் பூச்சி அலைக்குப் பயந்து கட்டவில்லை.

மார்ச் 12

இன்று கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்குப் போனேன். உள்ளே புள்ளிமான்கள் வழக்கம்போல் வீதியில் நின்றன. பக்கத்தில் கறுப்பு மஞ்சள் அடித்த இரும்புத் தடுப்பு ஒன்று, சக்கரம் வைத்தது, நெற்றியில் ஏதோ ஒரு கடையின் விளம்பரம். ஒரு மான் அதன் கம்பியில் கழுத்தை உரசிச் சொறிந்துகொண்டிருந்தது. நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

இதை என்னவென்று சொல்வது? அமெரிக்கர் பொலிஸ் பேரிகேட் என்பார்கள். இங்கிலாந்தில் கூட்டத்தை ஒதுக்க வைக்கிற இதே இரும்பை கிரஷ் பேரியர் என்பார்கள். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் பேரிகார்டு என்று எழுதுகிறார்கள், காவல் என்ற நினைப்பில் கேட் கார்டு ஆகிவிட்டது என்று நினைக்கிறேன், கேட்பதற்கு நன்றாகவும் இருக்கிறது.

இந்தப் பத்து நாளும் நான் தவறவிட்டது காலம். எங்கள் வீதியில் அந்தப் பீப்பாய்கள் வந்த முதல் இரவு எனக்கு நினைவிருக்கிறது. இருட்டில் உருட்டுகிற சத்தம், தகரமும் கல்லும் உரசுகிற சத்தம், காலையில் பார்த்தால் வீதிக்குக் குறுக்கே ஒழுங்கில்லாமல் நின்றன, சிலது சரிந்தும் இருந்தன. அன்று அது பேரிகேட். அவற்றைப் போட்டவர்களுக்கும் பயம் இருந்திருக்கும், அன்று அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. சில மாதத்தில் வரிசையாக்கினார்கள். பிறகு வெள்ளையும் கறுப்புமாக வரி அடித்தார்கள். பிறகு ஒருவன் பீப்பாய் மேல் பட்டுரோஜா நட்டான், உண்மையாகவே, விடுமுறைக்கு ஊருக்குப் போய்வந்த ஒரு சிப்பாய், காலையும் மாலையும் தண்ணீர் விடுவான். நாங்களும் சந்திக்கு அடையாளம் சொல்லும்போது ‘பூப் பரல் தாண்டி இரண்டாவது ஒழுங்கை’ என்று சொல்லப் பழகிவிட்டோம். அப்போது அது பேரியர் ஆகிவிட்டது. பொருள் மாறவில்லை, உள்ளே இருந்த மணல்கூட மாறவில்லை. நாங்கள் பழகிவிட்டோம், அவ்வளவுதான்.

இதைத்தான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். அவசரத்தில் போட்டது எடுபடாமல் நின்று, வர்ணமும் பூவும் ஏறி, பிள்ளைகள் அதைப் பார்த்தே வளர்ந்தால், பேரிகேட் என்ற சொல் அதைவிட்டுக் கழன்றுவிடுகிறது. எனக்கு இதில் வருத்தம் இருக்கிறது. போட்டது யார் என்ற கேள்வியும் சொல்லோடு சேர்ந்து போய்விடுகிறதே.

மார்ச் 15

தமிழில் என்ன சொல்லலாம் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பேரியருக்குத் தடை போதும், மொழித்தடை, வணிகத்தடை என்று ஏற்கெனவே பழக்கத்தில் இருக்கிறது. பேரிகேட்டுக்கு மறிப்பு என்பது என் விருப்பம். மறி என்றால் குறுக்கே போய் நிற்பது, மாட்டை மறி, தண்ணீரை மறி என்கிறோம், அதில் ஆள் இருக்கிறான், அவசரம் இருக்கிறது. செய்திகளில் வருகிற வீதித்தடையில் அந்த ஆள் காணாமல் போய்விட்டான்.

மறியல் என்று வைக்கலாமே என்றார் சென்னையில் இருந்து ஒருவர். அங்கே சாலை மறியல் என்றால் மக்கள் வீதியில் உட்காருவது. இங்கே மறியல் என்றால் சிறை, தம்பி! விளக்கமறியலில் வைத்தார்கள் என்று தினமும் பத்திரிகையில் படிக்கிறோம். ஒரே வேர், பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் மறிப்பது சனம், இந்தப் பக்கம் மறிபடுவது சனம். ஆகவே மறிப்பு.

மார்ச் 18, இரவு

கேள்வி கேட்ட தங்கச்சி இன்று மறுபடியும் எழுதியிருக்கிறார். இதையெல்லாம் மகளுக்கு வாசித்துக் காட்டினாராம். மகள் கேட்டிருக்கிறாள்: “யாரும் போடாததால்தான் மொழி பேரிகேட் இல்லை என்று சொல்கிறார். உண்மையிலேயே யாரும் போடவில்லையா?”

மூன்று தடவை வாசித்தேன். பதில் எழுத ஒரு முழு மாலை போய்விட்டது.

எனக்குப் பதினாறு வயது. சென்ரியில் நின்றவனுக்கும் என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருந்திருக்கும். “கொஹேத யன்னே” என்று கேட்டான். எனக்கு அது விளங்கியது, எங்கே போகிறாய் என்கிறான். பதிலுக்கு என்னிடம் இருந்தது ஒரே ஒரு சொல், ‘கெதர’, வீடு. அவன் அடுத்து ஏதோ கேட்டான், நான் மறுபடியும் கெதர என்றேன். அவன் வேறு மாதிரிக் கேட்டான், நான் கெதர என்றேன். அவனுக்குக் கோபமில்லை, சலிப்புத்தான். அவனிடம் தமிழில் ஒரு சொல்கூட இல்லை. பின்னால் பஸ் காத்திருந்தது. அந்தப் பாட்டிதான் முன்னால் வந்து, கூடையை இறக்கி வைத்துவிட்டு, சந்தையில் கற்ற சிங்களத்தில் நான்கு வார்த்தை சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு போனார். இதை நான் இத்தனை வருடமும் லாங்குவேஜ் பேரியர் என்றுதான் நினைத்திருந்தேன், மலை மாதிரி, கடல் மாதிரி, அது பாட்டுக்கு அங்கே இருந்தது என்று.

ஆனால் 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் அது பாட்டுக்கு அங்கே இருக்கவில்லை. சிங்களம் மட்டும் அரசகரும மொழி என்று ஆட்கள் ஒரு மண்டபத்தில் கூடியிருந்து கை தூக்கிப் போட்டார்கள். தேர்தல் முடிந்து சில மாதத்திற்குள், அவ்வளவு அவசரம். தமிழும் அரசகரும மொழி என்று 13ஆவது திருத்தத்தில் எழுத 1987 ஆயிற்று. நான் சென்ரியில் நின்றது அதற்கும் பிறகு. எழுதியது கடதாசியில் இருந்தது, எங்கள் இரண்டு பேருடைய வாயிலும் இருக்கவில்லை. சந்தையில் அந்தப் பாட்டி சிங்களம் பேசினார், தம்பலகாமத்து வயலிலும் கந்தளாய்ச் சந்தையிலும் ஆட்கள் இரண்டையும் கலந்துதான் பேசினார்கள். மொழி அவர்களுக்கு நடுவே வாய்க்கால் மாதிரிக் கிடந்தது, தாண்டிப் போகத் தெரிந்திருந்தது. அதற்கு மேல் கொண்டுவந்து குவித்தது வேறு ஆட்கள், அது நின்று, வர்ணம் ஏறி, எங்களுக்குப் பழகிவிட்டது.

பழகினால் சொல் கழன்றுவிடும் என்று 12ஆம் திகதி நானே எழுதினேன். என் விஷயத்திலேயே கழன்றிருந்தது எனக்குத் தெரியவில்லை.

தங்கச்சி, முதல் நாள் டீச்சர் பக்கம் நின்றேன். பரீட்சை என்று வந்தால் இப்போதும் பேரியர் என்று எழுதச் சொல்லுங்கள், புள்ளி போகக்கூடாது. ஆனால் அந்த வசனத்தைக் கொப்பியில் இருந்து அழிக்கவேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். அதில் ஆளைச் சேர்த்தால் போதும், ‘மொழியை எங்களுக்கிடையே பேரிகேட்டாகப் போட்டார்கள்’ என்று. சொல் வினையாகவும் வரும் என்று முன்பே சொன்னேன் அல்லவா, அதையும் முயன்று பார்க்கட்டும். எழுதி டீச்சரிடம் மறுபடியும் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்று இங்கே வந்து எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.